மாஸ்டரிங் செய்யும் பிள்ளைகளும் முகம் சுளிக்கும் மூத்தவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க வழி சொல்கிறவர்கள் இப்போது ஆடியோ மாஸ்டரிங்கையும் (பாட்டு வெளியே போகும் முன் செய்யும் கடைசிச் செப்பனிடல்) அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், நாலு பிளக்-இன் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) இருந்தால் போதுமாம். ஃபைவர் போன்ற, சில்லறை வேலைகளை விற்கும் இணையதளங்களில் கடை விரித்து, 'ஒரு பாட்டுக்கு 500 ரூபாய், 24 மணி நேரத்தில் கையில்' என்று பலகை மாட்டிவிடலாம். மாட்டுபவர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களிடம் பாட்டைக் கொடுப்பவர்கள் சொந்தமாகப் பாட்டு வெளியிடும் இளைஞர்கள், குறும்படக்காரர்கள், ஊர்த் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் போடுகிறவர்கள். ஸ்டுடியோவில் வருஷக்கணக்காக இதே வேலையைச் செய்யும் மூத்தவர்களோ இந்தப் பிள்ளைகளை ஆளாகவே மதிப்பதில்லை. 'ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகுமா' என்பதுதான் வாயில் முதலில் வருகிறது. விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிப்பது அடுத்த வேலை.

சிரிக்க அதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் சிரிப்பது தப்பான இடத்தைப் பார்த்து. லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஹெட்போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், விலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பாட்டைக் கெடுப்பது இவை மூன்றும் அல்ல. சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்க்காமல் அனுப்புவதுதான் கெடுக்கிறது. அது என்ன சரிபார்ப்பு என்பதைப் பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லவில்லை, காசு கொடுப்பவருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரிங் என்றால் பாட்டை மினுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். பாடகர், மிருதங்கம், கிட்டார் என்று தனித்தனியாகப் பதிவானவற்றை மிக்ஸிங் எஞ்சினியர் கலந்து ஒரே ஸ்டீரியோ ஃபைலாக்குகிறார். அந்த ஃபைல் வெளியே போகும் முன் கடைசியாகக் கேட்டு, குறை கண்டு, போகும் இடத்துக்குத் தக்கபடி ஆக்கி அனுப்புவதுதான் மாஸ்டரிங். இசைத்தட்டுக் காலத்தில் இது முழுக்க முழுக்க ஒரு மாற்று வேலையாகவே இருந்தது. டேப்பில் உள்ளதை லாக்கர் தகட்டில் ஊசியால் வெட்ட வேண்டும். அடிநாதம் இடது வலது சேனல்களில் எதிரெதிராக ஓடினால் கேட்பவர் வீட்டில் ஊசி பள்ளத்தைவிட்டுக் குதிக்கும். 'ஸ', 'ஷ' ஓசைகள் தூக்கலாக இருந்தால் கரகரக்கும். சத்தத்தைக் கூட்டினால் பள்ளம் அகலமாகி, தட்டில் பாட்டுக்கு இடம் போதாது. ஹெச்.எம்.வி. தட்டுகள் கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி ஊருக்கெல்லாம் வந்த நாளிலும் விதி இதேதான்.

இன்னொன்றையும் மூத்தவர்களுக்கு நினைவூட்டலாம். லண்டனில் ஈ.எம்.ஐ.யின் அபே ரோடு ஸ்டுடியோவில் தட்டு வெட்டும் அறை, கிழங்கள் உட்காரும் அறை அல்ல. சேர்ந்த பையன் உதவியாளனாக டேப் ஓட்டிவிட்டு அந்த அறைக்குப் போவான், அங்கே தேறிய பிறகுதான் ரெக்கார்டிங் மேசை. பீட்டில்ஸின் எஞ்சினியராக இருந்த ஜெஃப் எமெரிக் வந்த வழி அது. 1966-ல் அவர் அந்த மேசையில் உட்காரும்போது வயது 20. சின்னப் பையன் மாஸ்டரிங் செய்யலாமா என்று இன்று கேட்கிறோம். அன்று செய்தான். ஆனால் தலைக்குமேல் ஒரு பெரியவர் இருந்தார், கையில் எழுதிவைத்த விதி இருந்தது, தப்பாக வெட்டிய தகட்டைத் திருப்பி அனுப்ப ஆள் இருந்தது. இன்றைய பையனுக்கு இந்த மூன்றும் இல்லை.

சரி, தப்பு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் சத்தத்தில்.

ஒலியின் உரப்பை அளக்க ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) 2006-ல் பி.எஸ்.1770 என்ற முறையை வெளியிட்டது. அளவு எல்.யு.எஃப்.எஸ். என்ற அலகில் வரும். பூஜ்யம் உச்சம், அதற்குக் கீழே மைனஸ் கணக்கு. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010-ல் மைனஸ் 23 என்று வைத்துக்கொண்டார்கள். பாட்டுக் கேட்கும் தளங்களில் ஸ்பாட்டிஃபையும் யூடியூப்பும் மைனஸ் 14-ஐயும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-ஐயும் ஒட்டி ஒலியளவைச் சமன் செய்கின்றன. நம் பையன் லிமிட்டரை (அலையின் உச்சியைச் சீவி, மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவி) முறுக்கி மைனஸ் 7-ல் பாட்டைக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாட்டிஃபை அதை 7 டெசிபல் இறக்கித்தான் ஓட்டும். பக்கத்துப் பாட்டு முறுக்காமல் மைனஸ் 14-லேயே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்கும். ஒரு வித்தியாசம், முறுக்காத பாட்டில் தாளத்தின் அடி துடிப்பாகக் கேட்கும், முறுக்கிய பாட்டில் சப்பென்று கேட்கும். காசு கொடுத்து வாங்கிய சத்தம் காற்றோடு போய், சேதாரம் மட்டும் பாட்டில் தங்கிவிடுகிறது.

அந்தச் சேதாரத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க மிருதங்கத்தைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை. வலந்தலையில் ஒரு சாப்பு விழும்போது முதல் சில மில்லி விநாடியில் அலை செங்குத்தாக எழும்பி, பிறகுதான் நாதமாக இறங்கும். லிமிட்டர் சீவுவது அந்த உச்சியை. 2 டெசிபல் சீவினால் காது கண்டுகொள்ளாது. 8 டெசிபல் சீவினால் தோலில் விரல் பட்ட ஓசை போய், பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டியதுபோல ஆகிவிடும். அதோடு நிற்காது. லிமிட்டர் மிருதங்கத்தை மட்டும் தனியே பிடித்து அமுக்க முடியாது, கலந்த பிறகு எல்லாம் ஒரே குழம்பு. ஒவ்வொரு அடிக்கும் தம்பூராவும் சேர்ந்து அமுங்கி எழும், சுருதி மூச்சு வாங்குகிற மாதிரி. கேட்பவருக்குக் காரணம் தெரியாது. மூன்றாவது பாட்டில் அலுத்துப்போய் அணைத்துவிடுவார்.

இதை யார் வேண்டுமானாலும் வீட்டில் பார்க்கலாம். கணினியில் யூடியூப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டு, படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று வரும். அதில் கன்டென்ட் லௌட்னெஸ் 6.2 டெசிபல் என்று இருந்தால், பாட்டு அந்தத் தளத்தின் அளவுகோலைவிட அவ்வளவு உரப்பு என்று பொருள். பக்கத்திலேயே 49 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒலியைப் பாதிக்குக் கீழே இறக்கி ஓட்டுகிறார்கள் என்பதை அவர்களே எழுதிக் காட்டுகிறார்கள். மைனஸில் எண் வந்தால் பாட்டு சன்னம். அதை யூடியூப் ஏற்றிக் கொடுக்காது, இறக்க மட்டுமே செய்யும்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பாட்டையும் மைனஸ் 14-ல் நிறுத்த வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். குத்துப்பாட்டு மைனஸ் 9-ல் இருப்பது அதன் சுபாவம். அதில் தவிலும் பறையும் மிக்ஸிலேயே இறுக்கமாக இருக்கும், லிமிட்டருக்கு வேலை குறைவு. வீணைத் தனி மைனஸ் 18-ல் இருந்தாலும் குற்றமில்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டு பாட்டை விடுவதும் கற்றுக்குட்டித்தனம்தான், அதைப் பெரியவர்களும் செய்கிறார்கள்.

உரப்போடு ஒட்டிய இன்னொரு சங்கதி ட்ரூ பீக், அதாவது அலையின் உண்மையான உச்சம். சாதாரண டிஜிட்டல் மீட்டர், அலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து குறித்த சாம்பிள் புள்ளிகளை மட்டும் பார்க்கும். இரண்டு புள்ளிக்கு நடுவே அலை அவற்றையும் தாண்டி எழும்பலாம். மீட்டரில் பூஜ்யத்துக்குள் நிற்கும் ஃபைல், போனில் ஓடும்போது பூஜ்யத்தைத் தாண்டிக் கரகரக்கும். ஸ்பாட்டிஃபையின் ஆக் வார்பிஸ், ஆப்பிளின் ஏஏசி போன்ற சுருக்க முறைகளுக்கு மாற்றும்போது உச்சி இன்னும் கொஞ்சம் எகிறும். அதனால்தான் உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தச் சொல்கிறது ஸ்பாட்டிஃபை, மைனஸ் 14-ஐவிட உரப்பான பாட்டானால் மைனஸ் 2. மைனஸ் 0.1-ல் நிறுத்துவது சி.டி. காலத்துப் பழக்கம். அதை அப்படியே காப்பியடித்த செட்டிங்தான் இன்னும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விளம்பரங்களில் வரும் 'முன், பின்' மாதிரிக்கு வருகிறேன். முன் என்று ஓட்டுவது சன்னமாக இருக்கும், பின் என்பது 6 டெசிபல் உரப்பாக இருக்கும். ஒரே பாட்டை 1 டெசிபல் ஏற்றிக் கேட்டாலே காது அதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லும். இது காதின் குணம், ஜவுளிக்கடை விளக்கு மாதிரி. ஆகவே மாதிரியைக் கேட்டு மயங்க வேண்டாம். இரண்டு ஃபைலையும் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் யூலீன் மீட்டரில் இரண்டையும் அளந்து, உரப்பானதை இறக்கிச் சமமாக்கிக் கேளுங்கள். பாதி மாஸ்டர்களில் 'முன்' ஜெயித்துவிடும்.

இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமென்றால் நல் டெஸ்ட் (ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பது) இருக்கிறது. அனுப்பிய மிக்ஸையும் திரும்பி வந்த மாஸ்டரையும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் இரண்டு டிராக்காக வையுங்கள். அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அடி ஒன்றின்மேல் ஒன்று சாம்பிள் பிசகாமல் விழும்படி நகர்த்துங்கள். மாஸ்டரின் அளவை மிக்ஸ் அளவுக்கு இறக்கி, ஒன்றை மட்டும் 'இன்வெர்ட்' செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டிலும் பொதுவாக உள்ளது கழிந்துபோய், அவர் செய்த வேலை மட்டும் மிஞ்சும். ஒன்றுமே கேட்கவில்லையென்றால் வால்யூம் ஏற்றியதோடு சரி. அடி விழும் இடத்தில் மட்டும் டிக் டிக் என்று கேட்டால் லிமிட்டர் போட்டதோடு சரி. பாட்டே மெல்லியதாக, நிறம் மாறிக் கேட்டால் ஈக்வலைசரில் (அடிநாதம், மேல்சுருதி அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஏதோ செய்திருக்கிறார். அது நல்லதா கெட்டதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பத்து நிமிட வேலை இது. இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் சிரித்ததைவிடப் பயன் இருந்திருக்கும்.

அறையைப் பற்றி மூத்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏன் என்று விளக்குவதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் 10-க்கு 10 அறை. ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. 10 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் சுமாருக்கு ஓர் அலை மாட்டிக்கொண்டு நிற்கும். மின்சார பேஸ் கிட்டார், கிக் டிரம் வாழும் இடம் அது. அறை நடுவில் உட்கார்ந்தவனுக்கு அந்த ஒலி காணாமல் போகும், சுவர் ஓரத்தில் நிற்பவனுக்கு இரட்டிப்பாகக் கேட்கும். நடுவில் நாற்காலி போட்டவன் அடிநாதம் குறைகிறதே என்று 5 டெசிபல் கூட்டுவான். பாட்டு ஒரு காரில் ஓடும்போது கதவு அதிரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் அதே 56 சேர்ந்துகொண்டு நிலைமை மோசம்.

சிலர் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. ஒன்றரை அங்குல அட்டை அதை எங்கே தடுக்கும்? கைத்தட்டினால் வரும் மேல்சுருதி எதிரொலியைக் கொஞ்சம் மங்கவைக்கும், அவ்வளவுதான். தீப்பற்றும் என்பது கூடுதல் வரவு. மூலைகளில் 4 முதல் 6 அங்குலம் கனத்துக்கு ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) பலகையைத் துணி சுற்றி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவது வேலை செய்யும். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தி, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில் போட்டுத் தொடங்கலாம், 10 அடி அறையில் ஏறக்குறைய 3 அடி 10 அங்குலம். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். ஓர் அளவு மைக் வாங்கினால் எந்த அதிர்வெண் விழுகிறது, எது எழும்புகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். செலவு, பலர் வாங்கிக் குவிக்கும் பிளக்-இன்களைவிடக் குறைவு.

ஹெட்போனில் மாஸ்டரிங் செய்வது பாவம் என்ற பேச்சும் இருக்கிறது. கெட்ட அறையில் கெட்ட ஸ்பீக்கரைவிட நல்ல ஹெட்போன் மேல். அதன் குறை வேறு இடத்தில். இடது காதுக்கு இடது, வலது காதுக்கு வலது என்று பிரித்துக் கொடுப்பதால் எல்லாம் அகலமாகத் தெரியும், நடுவில் நிற்கும் குரலின் அளவு ஏமாற்றும். ஹெட்போன்காரர்கள் தவறாமல் செய்ய வேண்டியது மோனோ சோதனை, அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்பது. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

ஏனென்றால் 'ஸ்டீரியோ வைடனிங்' என்பது கற்றுக்குட்டிக்குக் கிடைக்கும் முதல் மிட்டாய். ஒரு பக்கத்தை 10 மில்லி விநாடி தாமதித்தால் பாட்டு இரண்டு பக்கமும் விரிந்து பரந்து கேட்கும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பற்கள் போல வரிசையாக ஒலி விழுந்துவிடும். சில பிளக்-இன்கள் தாமதத்துக்குப் பதில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கும். மோனோவில் அந்த வாத்தியம் இருந்த இடமே தெரியாது. யார் இன்று மோனோவில் கேட்கிறார்கள் என்று கேட்கலாம். ஒற்றை ஸ்பீக்கர் போன், மேசைமேல் வைக்கும் புளூடூத் டப்பா, திருவிழாவில் மரத்துக்கு மரம் கட்டும் குழாய் ஸ்பீக்கர், எல்லாம் மோனோதான். அம்மன் பாட்டைக் குழாய் ஸ்பீக்கருக்காகப் போட்டுவிட்டு, அதன் உடுக்கையை வைடனரில் கரைத்துவிட்டால் ஊரில் யாருக்கு என்ன கேட்கும்?

சாம்பிள் ரேட் குழப்பம் குறும்படக்காரர்களை அதிகம் படுத்துகிறது. விநாடிக்கு எத்தனை சாம்பிள் புள்ளி என்பதுதான் சாம்பிள் ரேட். பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோ 48. மாற்ற வேண்டிய முறையில் மாற்றாமல் 44.1 ஃபைலை 48 என்று நம்பவைத்து ஓட்டினால் பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாகும், சுருதியும் கூடவே ஏறும். 5 கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும். எந்தக் கட்டையிலும் உட்காராத அந்தச் சுருதி, வித்வான் காதில் முதல் விநாடியிலேயே குத்தும். மற்றவர்கள் 'குரல் என்னவோ சின்னப் பிள்ளை மாதிரி இருக்கே' என்பார்கள். எதிர்த் திசையில் போனால் குரல் கனத்துத் தூங்கி வழியும். முழுப் பாட்டின் நீளத்தை விநாடி கணக்கில் ஒப்பிட்டாலே பிடித்துவிடலாம். 4 நிமிடப் பாட்டில் ஏறத்தாழ 20 விநாடி குறைந்திருக்கும்.

சாம்பிளின் நுணுக்கத்தை 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் (மிகச் சன்னமான இரைச்சல்) போட வேண்டும், அதுவும் கடைசிப் படியில் ஒரே முறை. போடாவிட்டால் தம்பூரா தேய்ந்து மறையும் வால் பகுதியில் மணல் உரசுவதுபோலக் கேட்கும். முதல் அடிக்கு ஒட்டி வெட்டிப் பாடகர் மூச்சு இழுப்பதைத் தின்றுவிடுவது, கடைசி எதிரொலி அடங்கும் முன்பே ஃபைலை முடித்துவிடுவது, இவையெல்லாம் அன்றாடம் நடக்கிறவை. வாங்குபவர் முதல் 5 விநாடியையும் கடைசி 10 விநாடியையும் ஹெட்போனில் உரக்க வைத்துக் கேட்டாலே போதும்.

இவ்வளவையும் சொன்ன கையோடு மூத்தவர்கள் பக்கம் திரும்ப வேண்டும். சத்தப் போட்டியைத் தொடங்கியவர்கள் இந்தப் பிள்ளைகள் இல்லை. 2008-ல் வந்த, மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் உலகத்தரமான ஸ்டுடியோக்கள் வழியாகத்தான் வெளிவந்தது. சி.டி.யில் பாட்டு நசுங்கிக் கரகரத்தது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டுக்குப் போனபோது அந்த இறுக்கம் இல்லாமல் போயின. ரசிகர்கள் இரண்டின் அலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, திரும்ப மாஸ்டர் செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். இங்கேயும் 'பக்கத்துப் பாட்டைவிட உரப்பா வேணும்' என்று தயாரிப்பாளர் சொன்னபோது தலையாட்டியவர்கள் பெரிய ஸ்டுடியோக்காரர்கள்தான். அவர்களுடைய பாட்டைக் கேட்டு, அதேபோல வரவேண்டும் என்று முறுக்கக் கற்றவன் இந்தப் பையன்.

தானியங்கிக் கருவிகளைப் பற்றிய ஏளனமும் அப்படித்தான். பாட்டைத் தானே மாஸ்டர் செய்து தரும் இணையதளமான லேண்டர் 2014-ல் வந்தது. ஓசோன் பிளக்-இன்னில் மாஸ்டர் அசிஸ்டன்ட் 2017-ல் சேர்ந்தது. 2023-ல் ஆப்பிளின் ஒலிப்பதிவு மென்பொருளான லாஜிக் புரோவுக்குள்ளேயே ஒன்று வந்துவிட்டது. பையன் அந்தப் பொத்தானை அமுக்கித்தான் காசு வாங்குகிறான் என்று குறைசொல்லும் சிலருடைய கணினியிலும் அதே பொத்தான் இருக்கிறது. பொத்தானைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சுமாரான மிக்ஸை அது சுமாராகச் சமன் செய்து தரும். அதனால் முடியாத வேலை ஒன்று உண்டு. 2 நிமிடம் 13-வது விநாடியில் எடிட் ஒட்டிய இடத்தில் 'டக்' கேட்கிறது, சரணத்தில் வயலின் குரலை மூடுகிறது, இந்த மிக்ஸைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள் என்று அது சொல்லாது. மாஸ்டரிங்குக்குக் கூலி கொடுப்பதே இதைச் சொல்வதற்குத்தான். பொத்தானை அமுக்குகிறவன் இதைச் சொன்னான் என்றால் அவனுக்கு 500 ரூபாய் குறைவு. 15,000 வாங்குகிறவர் இதைச் சொல்லவில்லையென்றால் அவருக்கு 500-ம் அதிகம்.

தொழிலில் இறங்கும் பிள்ளைகளுக்குச் சில கணக்குகள். எதையும் தொடும் முன் பாட்டை முழுதாக இரண்டு முறை கேளுங்கள், பேனாவோடு. ஈக்வலைசரில் அரை முதல் ஒன்றரை டெசிபல், அகலமான வளைவு. ஓர் இடத்தில் 4 டெசிபல் தேவைப்படுகிறது என்றால் அது மிக்ஸின் குறை, திருப்பி அனுப்புங்கள். நாதஸ்வரம் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் குத்தும். அதை இறக்கினால் குரலின் சொல் தெளிவும் கூடவே இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். கம்ப்ரெஸ்ஸர் (உரத்த இடங்களை அமுக்கும் கருவி) போட்டால் 1.5-க்கு 1 விகிதம், அட்டாக் (அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம்) 30 மில்லி விநாடி, ஊசி 1 அல்லது 2 டெசிபல் அசைந்தால் அதிகம். லிமிட்டர் 3 டெசிபலைத் தாண்டும்போது அதை பைபாஸ் செய்து (விலக்கி வைத்து), அளவைச் சமமாக்கி ஒப்பிடுங்கள். சின்ன அறையில் 75 டெசிபல் சுமாருக்கு ஒலியை ஓரிடத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் குமிழை நகர்த்தாமல் வேலை செய்யுங்கள். நகர்த்திக்கொண்டே இருந்தால் காலையில் செய்த பாட்டும் மாலையில் செய்த பாட்டும் வேறு வேறு ஊர்ப் பாட்டாக இருக்கும். நீங்களே மிக்ஸ் செய்த பாட்டை நீங்களே மாஸ்டர் செய்ய நேர்ந்தால் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். விளம்பரத்தில் 'தொழில்முறை மாஸ்டரிங்' என்று போடுவதற்குப் பதில் என்ன செய்து தருவீர்கள் என்று எழுதுங்கள்: எத்தனை முறை திருத்துவீர்கள், மோனோவில் பார்ப்பீர்களா, மிக்ஸில் குறை இருந்தால் எழுதித் தருவீர்களா.

கொடுப்பவர்களும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். பதிவு நடந்த அதே சாம்பிள் ரேட்டில் 24 பிட் வேவ் ஃபைல், மாஸ்டர் டிராக்கில் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் மைனஸ் 3-க்கும் 6-க்கும் இடையில் இருக்கும்படி, முன்னும் பின்னும் 2 விநாடி மௌனத்தோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே சுருங்கிய ஃபைலை வைத்து மாஸ்டர் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3-ல் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களைக் காட்டும் படம்) கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். அதை வேவ் என்று பெயர் மாற்றினால் போனது திரும்பாது. மாஸ்டர் செய்யாத அந்த மூல மிக்ஸை எப்போதும் ஒரு பிரதி எடுத்து வைத்திருங்கள். இந்த மாஸ்டர் கெட்டால் இன்னொருவரிடம் போக அது ஒன்றுதான் வழி.

மூத்தவர்களிடம் கேட்பது ஒன்றே. வடபழனி, சாலிகிராமம் பக்கம் நல்ல அறைகள் மாதத்தில் சில மாலைகளாவது சும்மா கிடக்கின்றன. அதில் ஒரு மாலையை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டு, மிக்ஸும் மாஸ்டரும். இரண்டையும் மைனஸ் 14-க்குச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் ஓட்டுங்கள். பையன் தன் காதாலேயே தன் மாஸ்டரை விட்டுவிட்டு மிக்ஸைக் கைகாட்டும் கட்டம் வரும். அப்போது யாரும் சிரிக்காமல், லிமிட்டரை எத்தனை டெசிபல் அமுக்கினாய் என்று மட்டும் கேளுங்கள். பிறகு மோனோ பொத்தானை அமுக்குங்கள். 56 ஹெர்ட்ஸ் ஒலியைத் தனியாக ஓடவிட்டு, அவனை எழுந்து அறைக்குள் நடக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்,
சென்னை - 26